கொப்பி வந்திருக்கிறது, ஆள் எங்கே?

1

கொழும்புக்கு வந்து பத்தொன்பது வருடம் முடிந்த வாரத்தில், தூத்துக்குடியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஏலே சேவியர், ரேஷன் கார்டுல பேர் உள்ளவங்க எல்லாம் நேர்ல வந்து விரல் வைக்கணுமாம். நீ எப்ப வார?"

"நான் கொழும்புல இருக்கேன்ணே."

"அது எனக்குத் தெரியும்ல. கார்டுக்குத் தெரியாதுல்லா. வரலைன்னா பேரை எடுத்துருவாங்க. யோசிச்சுச் சொல்லு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஆள் இங்கே வெள்ளவத்தை கடலோரத்தில் வடை தின்றுகொண்டிருந்த காலம் முழுக்க, என் பெயர் அங்கே தூத்துக்குடியில் அண்ணன் குடும்பத்தோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. இது குற்றமா? விமான நிலையத்தில் பிடிப்பார்களா? கைவிலங்கோடு என் படம் பத்திரிகையில் வந்தால், அதில் நான் எந்தச் சட்டை போட்டிருப்பேன்?

பதினாறு வயது மகள் காதிலிருந்து ஒரு பக்கத்து ஒலிக்கருவியை மட்டும் கழற்றினாள். "அப்பா, ரேஷன் கார்டுக்காக ஆரும் ஜெயிலுக்குப் போறதில்ல. சும்மா டென்ஷன் ஆகாதீங்க." மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பெயர் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் இருப்பது பற்றித்தான் அந்த மாதம் முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ரேஷன் கார்டு அதற்குக் காரணமில்லை. எங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பெண்ணின் பெயரை வெட்டப்போகிறார்கள் என்பதும், அதை முடிவுசெய்யும் கூட்டத்தை நடத்தப்போகிறவன் நான் என்பதுமே காரணம்.

2

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரியுங்கள்.

நடந்தது இதுதான். கிளினிக்கில் வைத்தியர், தாதி, சுற்றுவட்டார மக்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு குழு வேண்டும் என்று ஒரு சிறு தொண்டு நிறுவனம் வேலையைத் தொடங்கியிருந்தது. குழுவைப் போடுவது சுலபம். போட்ட குழுவில் வைத்தியர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், தேநீர் வரும், கூட்டம் முடியும். அப்படி ஆகாமல், பேசாதவர்களையும் பேசவைக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அப்படிச் சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கப்போகிறார்கள், ஆறு சனிக்கிழமை. தமிழும் கொஞ்சம் சிங்களமும் தெரிந்தால் போதும். அந்த ஆளுக்கு அச்சடித்த தமிழில் 'இலகுபடுத்துநர்' என்று பெயர். எல்லோரும் ஃபெசிலிட்டேட்டர் என்றுதான் சொன்னார்கள்.

என் மனைவி ரெஜினா என்னைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்கு வாய் சும்மா இருக்காதுதானே. பேக்கரியில நிண்டு கதைக்கிறத அங்க போய்க் கதையுங்கோ. நாலு சனத்துக்குப் பிரயோசனமா இருக்கும்."

பகலில் நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் காகிதக் கடையில் கணக்கும் சரக்கும் பார்க்கிறவன். ஊரில் நாம் நோட்டு என்போம், இங்கே கொப்பி. அந்தக் கொப்பிகள் பொதி பொதியாக என் கண்முன் போகும். ஆறு மாதம் என்று சொல்லி வந்தவன் ரெஜினாவின் அம்மா வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அந்த ஆறு மாதம்தான் இன்னும் முடியவில்லை.

பயிற்சி வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்கு எதிரே ஒரு சிறு மண்டபத்தில் நடந்தது. பயிற்றுவித்தவர் மாளிகாவத்தையைச் சேர்ந்த ஃபர்ஹானா மிஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாமலே ஆளைக் குறுக்கிவிடுவார். முதல் நாள் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். நான் வட்டத்தின் நடுவில் நின்று வட்டம் போடுவது எப்படி என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

"சேவியர், இப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"பேசினேன் மிஸ்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்சம்."

"ஆறு நிமிஷம். நான் மணி பார்த்தேன். அந்த ஆறு நிமிஷத்துல இவங்க எட்டுப் பேரும் நாற்காலியப் போட்டு முடிச்சிட்டாங்க."

பயிற்சியின் முதல் விதி, கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடு. மனதுக்குள் பத்து வரை எண்ணு. பதில் வராவிட்டால் இன்னொரு பத்து. வேறொருவர் பேச வேண்டிய இடத்தை உன் பேச்சால் அடைக்காதே. மற்றவர்கள் இரண்டாம் சனிக்கிழமையே இதில் தேறிவிட்டார்கள். நான் எண்ணும்போது நாலிலேயே எனக்கு ஏதாவது நகைச்சுவை தோன்றிவிடும். சொல்லாவிட்டால் மூச்சு முட்டும்.

என்னைக் காப்பாற்றியது ரயில். அந்த மண்டபத்தில் ரயில் போகும்போது யார் பேசினாலும் கேட்காது. ஜன்னல் கண்ணாடி அதிரும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். போன பிறகு பார்த்தால், அதுவரை பேசாத யாராவது ஒருவர்தான் முதலில் வாயைத் திறப்பார். இது ஒவ்வொரு முறையும் நடந்தது. ஏன் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

"இந்த ரயில்தான் என்ட உதவி டீச்சர்" என்றார் ஃபர்ஹானா மிஸ். "சேவியர், நீங்க பத்து எண்ணாதீங்க. மண்டைக்குள்ள ஒரு ரயில் விடுங்க."

விட்டுப் பார்த்தேன். பெட்டி பெட்டியாகப் போனது. அது போய் முடியும்வரை என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது.

3

நாலாம் சனிக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஒரு நோயாளி வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து மருந்தோடு திரும்பும்வரை என்னென்ன நடக்கிறது என்று நேரில் நின்று பார்த்து, ஒரு தாளில் வழியாக வரைந்து வர வேண்டும். யாருக்கும் உதவக்கூடாது, யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. பார்க்க மட்டும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சீனி வருத்தக் கிளினிக். நம் ஊர் சர்க்கரை வியாதிதான். விடிகாலை ஐந்தரைக்குப் போனேன். கேட் திறந்திருந்தது, கதவு பூட்டியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதன் விளிம்பில் கொப்பிகள் அடுக்கியிருந்தன. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கிளினிக் கொப்பி உண்டு. வைத்தியர் அதில்தான் எழுதுவார். வருகிறவர்கள் வரிசையாகத் தங்கள் கொப்பியை வைத்துவிட்டு உட்கார வேண்டும். ஏழு மணிக்குச் சிப்பந்தி அடுக்கை அப்படியே எடுத்துப்போய் முதலில் வைத்த கொப்பியிலிருந்து இலக்கம் போடுவார். அந்த வரிசையில்தான் உள்ளே கூப்பிடுவார்கள்.

கொப்பிகளை எண்ணினேன், இருபத்தாறு. ஆட்களை எண்ணினேன், என்னையும் சேர்த்து ஆறு பேர்.

மறுபடி எண்ணினேன். மரத்துக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். ஆறுதான்.

ஆறு பேரில் ஒருவர் அந்தோனி அண்ணே. எங்கள் தோட்டத்துக்காரர். தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டமல்ல, ஒரே பொதுக்குழாயைச் சுற்றிய வீடுகளுக்கு இங்கே அப்படிப் பெயர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். காலை நாலரைக்கே தூக்கம் போய்விடும் மனிதர். அவர் காலடியில் காலியான ஒரு துணிப்பை கிடந்தது.

"என்ன மாப்பிள்ளை, விடியச் சாமத்தில?" கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அந்தத் தோட்டத்துக்கே மாப்பிள்ளை. "ஓ, ஃபெசிலிட்டி வேலையோ?"

"ஓம் அண்ணே. இவ்வளவு கொப்பி இருக்கே, ஆக்கள் எங்க?"

"எங்கட தோட்டத்துக் கிழடுகள்ட கொப்பி நான்தான் கொண்டாறன், என்டதோட இருபத்திரண்டு. அதுகள் என்னத்துக்கு இந்தக் குளிரில வந்து நிக்கணும்? நம்பர் கிட்ட வரேக்க நான் போன்ல ஒரு கோல் அடிப்பன். த்ரீவீல்ல வந்து இறங்கி நேரா உள்ள போகுங்கள்."

எனக்கு அது அழகான ஏற்பாடாகத் தோன்றியது. ஊரில் மண்ணெண்ணெய்க் கடை வாசலில் நாங்கள் டின்களை வரிசையில் வைத்துவிட்டுக் கோலி விளையாடப் போவோம். எங்கள் டின்னுக்கு முன்னால் எத்தனை டின் என்று தெரிந்தால் போதும், நாள் ஓடிவிடும். உலகம் முழுக்க மனிதர்கள் தங்களுக்குப் பதிலாக ஏதாவது ஒன்றை வரிசையில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள் போல. தாளில் இதைச் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பெண் நொண்டிக்கொண்டே வந்து தன் கொப்பியை இருபத்தேழாவதாக வைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலில் செருப்பு, மறு காலில் துணி சுற்றி அதன்மேல் பொலித்தீன் பை. எனக்கு முகம் தெரியும், எங்கள் பின் சந்து, செல்வமணி அக்கா. மலையகத்திலிருந்து சிறுவயதில் வீட்டு வேலைக்கு வந்து கொழும்பிலேயே தங்கிவிட்டவர். இப்போது வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில் மாடிப்படிகளைக் கழுவுகிறார்.

அவர் கதைக்கும் தமிழ் எனக்கு எப்போதும் ஆச்சரியம். தாத்தாவின் தாத்தா கப்பலேறி வந்தாராம், இவர் இந்தியாவைப் பார்த்ததேயில்லை. ஆனால் கொழும்பில் எங்கள் ஊர்ப் பேச்சுக்குக் கிட்ட வருகிறவர் அவர் ஒருவர்தான்.

ஏழரைக்கு வைத்தியர் வந்தார். வரிசை நகர்ந்தது. அந்தோனி அண்ணே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட, த்ரீவீல்கள் வந்து வந்து போயின. எட்டு இருபதுக்குப் பதினான்காம் இலக்கம். செல்வமணி அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், நொண்டிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்குள் வெள்ளவத்தையில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்பதேகாலுக்கு அவர் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். கொப்பி இருந்தது, ஆள் இல்லை. சிப்பந்தி கொப்பியின் மூலையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அந்த மூலையில் ஏற்கெனவே இரண்டு சிவப்புக் கோடுகள் இருந்தன.

இனி எனக்கு வந்த பீதியைச் சொல்கிறேன். சிப்பந்தி காலையில் அடுக்கைத் தூக்கியபோது, அடியிலிருந்து மூன்றாவது கொப்பியைப் பார்த்தேன். பழுப்புத் தாள் உறை, நான்கு மூலையும் மடித்த விதம், மேலே மாதா படம். அந்த உறையைப் போட்டவன் நான். அது என் மாமியாரின் கொப்பி. மாதா மாதம் திங்கள் மாலை அதை அந்தோனி அண்ணேயின் துணிப்பைக்குள் போட்டுவிட்டு வருகிறவனும் நான்தான்.

ஐந்தரை மணி முதல் அந்தக் காட்சியை எவ்வளவு ஆர்வமாக வேடிக்கை பார்த்தேன். ஆளில்லாத கொப்பிகளில் ஒன்று என் வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் எண்ணும்போது ஞாபகம் வரவில்லை.

4

வியாழக்கிழமை, குழுவின் அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரல் வந்தது. ஞாயிறு பின்னேரம். ஒரே விஷயம்தான். மூன்று முறை தொடர்ந்து வராதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா? இடம் கேட்டுப் புது நோயாளிகள் காத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டால், அவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் புதிதாகத் துண்டுச் சீட்டு வாங்கி வர வேண்டும்.

கூட்டத்தை நடத்துவது நான். அதை வைத்துத்தான் எனக்குச் சான்றிதழ். ஃபர்ஹானா மிஸ் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்.

செல்வமணி அக்காவைத் தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து காலைப் பக்கெட்டின்மேல் நீட்டியிருந்தார். சுண்டு விரல் பக்கம் கறுத்திருந்தது.

"கூட்டத்துக்கு வாங்க அக்கா."

"நான் வந்து என்னத்தங்க பேசுறது? பெரிய ஆளுங்க இருப்பாங்க."

"பேச வேண்டாம். வந்து உட்காருங்க."

"மூணு செவப்பு விழுந்துருச்சு. பேர வெட்டிட்டா பெரியாஸ்பத்திரிக்கு அலையணும். ரெண்டு நாள் லீவு யாரு குடுப்பா? வேலையும் போயிரும். இல்லேன்னா கால் போயிரும்." ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

"கொப்பி அடுக்கைப் பற்றிச் சொல்லலாமே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அந்தோனி அண்ணன் நல்ல மனுசன். போன மழைக்கு எனக்குக் கால்ல ரத்தம் வந்தப்ப த்ரீவீலு புடிச்சுக் கூட்டிட்டுப் போனது அவருதான். அவரப் போய் நான் சபையில சொல்லுவேனா?"

வீட்டுக்கு வந்து மாமியிடம் பேச்சை மெல்ல எடுத்தேன். "மாமி, அடுத்த தரம் உங்க கொப்பியை நாமே கொண்டு போனால் என்ன?"

"அந்தோனி கொண்டு போறான்தானே. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதுதான் பிரச்சினை.

இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. கடைசியில் பயிற்சிப் புத்தகத்திலேயே ஒரு பதுங்குகுழி அகப்பட்டது. 'இலகுபடுத்துநர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லக்கூடாது.' எவ்வளவு பொன்னான வாசகம்! நான் கோழையில்லை, நடுநிலையானவன். அந்த வரியின் கீழ் இரண்டு முறை கோடு போட்டேன்.

இதற்கிடையில் விசா நீட்டிப்புக்கும் போய்வந்தோம். என் கோப்பு தடிமனாக இருக்கும், எல்லாக் கடதாசியும் இருக்கும். ஆனாலும் கவுன்டரில் முதல் கேள்வி மனைவி வந்திருக்கிறாரா என்பதுதான். ஒவ்வொரு தடவையும் ரெஜினா அரைநாள் லீவு போட்டு வந்து என் பக்கத்தில் நின்று, இவர் என்னுடையவர்தான் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வாள். முதல் வருடம் அங்கே என் சிங்களத்தைக் காட்ட ஆசைப்பட்டு, நரைத்த மீசை வைத்த அதிகாரியை 'மல்லி' என்று கூப்பிட்டுவிட்டேன். தம்பி என்று அர்த்தம். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்த பார்வையில் நான் அடுத்த கப்பலைத் தேடினேன். பிறகு அவர் சிரித்தார். ரெஜினா சிரிக்கவில்லை.

அந்தச் சிங்களத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை வைத்தியரின் பேச்சை நான் தமிழாக்க வேண்டும். மகளிடம் சில சொற்களைக் கேட்டேன். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கிரிக்கெட்டில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை ஆடினால் அவள் சிங்களத்தில்தான் கத்துவாள், அதுவும் என் காதுக்குப் பக்கத்தில் நின்று.

"அப்பா, உங்கட சிங்களம் சிங்களவங்களுக்குத் தமிழ் மாதிரி இருக்கும். தமிழாக்களுக்குச் சிங்களம் மாதிரி இருக்கும்" என்றாள். ஆனாலும் பொறுமையாக எழுதிக் கொடுத்தாள். தமிழ் எழுத்தில்தான் எழுதினாள். எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

5

ஞாயிறு பின்னேரம் கிளினிக் மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். நான் நடுவில் நிற்கவில்லை. வைத்தியர், நடுவயதுப் பெண், சிங்களவர், களைத்த முகம். பக்கத்தில் சிப்பந்தி. அந்தோனி அண்ணே இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தோட்டத்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். செல்வமணி அக்கா கதவோரம், பொலித்தீன் பையை நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டு. ஃபர்ஹானா மிஸ் ஒரு மூலையில் பேனாவோடு.

வைத்தியர் விஷயத்தைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். இடம் குறைவு, ஆட்கள் கூட, வராதவர்களுக்காக எவ்வளவு நாள் இடத்தை வைத்திருப்பது? எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடும் போலிருந்தது. முடிவானால் என் மாமியின் கொப்பி தப்பிவிடும், அந்தோனி அண்ணே முகம் சுளிக்க மாட்டார், தேநீர் வரும்.

எனக்கு ஒரு நல்ல நகைச்சுவைகூடத் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே கை தூக்குவார்கள்.

அப்போது அந்தப் பொலித்தீன் பை கண்ணில் பட்டது.

"ஒரு கேள்வி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "மூன்று தரம் வராமல் போனவர்கள், எதனால் வராமல் போனார்கள்?"

யாரும் பேசவில்லை. மண்டைக்குள் ரயிலை விட்டேன். எஞ்சின் போனது. ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. சிப்பந்தி தொண்டையைச் செருமினார். மூன்று, நாலு. நகைச்சுவை நாக்கு நுனியில் நின்று தள்ளியது. அஞ்சு. அந்தோனி அண்ணே மேற்கூரையைப் பார்த்தார். ஆறு, ஏழு. வைத்தியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு. கடைசிப் பெட்டி எங்கே போய்த் தொலைந்தது?

"நான் வந்தேங்க."

கதவோரத்துக் குரல்.

"மூணு நாளும் வந்தேன். அஞ்சரைக்கே வந்தேன். எனக்கு முன்னால அஞ்சாறு பேருதான். ஆனா புக்கு இருபத்தஞ்சு இருபத்தாறு இருக்கும். ஒம்போது மணிக்கு நான் வெள்ளவத்தையில இருக்கணும். புக்கு இங்க இருக்கும், நான் போயிருவேன். வரலைன்னு எழுதிருவாங்க." மூச்சு வாங்கினார். "நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க."

நான் சிங்களத்தில் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான். ஆனால் வைத்தியருக்குப் புரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளில்லாமல் கொப்பியா? யாருடைய கொப்பிகள்?"

அதைத் தமிழில் நான் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தோனி அண்ணேயின் கழுத்து சிவந்துவிட்டது. வட்டத்தில் இருந்த எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நல்லது செய்வதாக நினைத்து வருடக்கணக்கில் விடிகாலை எழுந்த மனிதர், ஒரே கேள்வியில் குற்றவாளியாகப்போகிறார். பயிற்சிப் புத்தகத்தில் நான் இரண்டு முறை கோடு போட்ட வரி மனதில் வந்தது. அதன் பின்னால் ஒளிந்திருக்க இன்னும் இடமிருந்தது.

"ஒன்று எங்கள் வீட்டுடையது" என்றேன். இரண்டு மொழியிலும். "என் மாமியாருடையது. நானே கொடுத்தனுப்புகிறேன்."

தரையைப் பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு அந்தோனி அண்ணே மெல்லச் சொன்னார். "மூண்டாவது கொப்பி. மாதா படம் ஒட்டினது. மாப்பிள்ளை உறை போட்டா நல்ல வடிவா இருக்கும்."

முதலில் சிரித்தது செல்வமணி அக்கா. பிறகு எல்லோரும். ஒருவர் என்னுடையதும் அதில் இருக்கிறது என்றார், இன்னொருவர் தன் அம்மாவுடையது என்றார். இரண்டு நிமிடத்தில் பாதி மண்டபம் கையைத் தூக்கியிருந்தது.

வைத்தியர் சிரிக்கவில்லை. பட்டியலை எடுத்துச் சிவப்புக் கோடு விழுந்த பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நான் ஜன்னலுக்கு உள்பக்கம் இருக்கிறேன்" என்றார். "வெளிப்பக்கம் நடப்பதை இதுவரை யார் எனக்குச் சொன்னீர்கள்?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வழி சொன்னதும் நானல்ல. அந்தோனி அண்ணேதான். "டொக்டர் மிஸ், எங்கட கிழடுகளுக்கு ஒன்பது மணிக்குப் பிறகு என்ன வேலை? டீவி பார்க்கிறதுதானே. வேலைக்குப் போறவங்க முதல்ல போகட்டும். நான் கொண்டாற கொப்பிகள வேற அடுக்கா வைக்கிறன். ஒன்பதுக்குப் பிறகு கூப்பிடுங்கோ. பிள்ளை, நீ இத முதல்லயே என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

கடைசி வாக்கியம் செல்வமணி அக்காவுக்கு. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க நல்லது செஞ்ச மனுசன்ணே. அதான் வாய் வரல."

பெயரை வெட்டும் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது. இனி மூன்று சிவப்பு விழுந்தால், வெட்டுவதற்குமுன் அந்த ஆளைக் கண்டு ஏன் என்று கேட்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் அடுக்குக்கு இலக்கம் போடும்போது கொப்பியோடு ஆளும் இருக்க வேண்டும். சிப்பந்தி எழுதிக்கொண்டார்.

வெளியே வரும்போது ஃபர்ஹானா மிஸ்ஸிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன்.

"ரயில் விட்டதுக்கு முழுசும் போட்டேன். அதுக்குப் பிறகு சொந்தக் கதையச் சொன்னதுக்குக் குறைச்சேன்." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "குறைச்சத வீட்டுக்குப் போய் யோசிப்பேன். சிலநேரம் திருப்பிப் போடுவேன்."

6

மாமி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசினார். "ஒன்பது மணிக்கெண்டா பரவாயில்ல. பூசையும் பார்த்திட்டு வரலாம்."

அன்று மாலை அண்ணனைக் கூப்பிட்டேன். பத்தொன்பது வருடமாக எடுக்காமல் வைத்திருந்த பெயர். எடுத்தால் அம்மா அப்பா பெயருக்குக் கீழே என் வரி காலியாகும். அதை நினைத்து இரண்டு தடவை எண்ணைப் பாதி அழுத்தி நிறுத்தினேன், பொய் சொல்லமாட்டேன்.

"எடுத்துருண்ணே."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க இப்போது கொஞ்சம் பழகியிருக்கிறது.

"சரிலே" என்றார் கடைசியில். "பேர் போனா போகுது. நீ டிசம்பருக்கு ஆளா ஒரு தடவ வந்துட்டுப் போ."

7

அடுத்த மாதத்துக் கிளினிக் செவ்வாய்க்கிழமை விடிய எழுந்து போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மாமிக்கு ஒன்பதுக்குப் பிறகுதான். எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

ஜன்னல் விளிம்பில் இரண்டு அடுக்குகள். உயரமானது ஒரு பக்கம், அதன்மேல் பறக்காமலிருக்க அந்தோனி அண்ணே ஒரு கல் வைத்திருந்தார். சிறியது மறுபக்கம். சிப்பந்தி சிறிய அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, "லெடா கோ?" என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். நோயாளி எங்கே என்று அர்த்தம். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் இருந்தது. செல்வமணி அக்கா கையை எல்லோரையும்விட உயரத் தூக்கினார்.

எட்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வெளியே வந்தார். காலில் புதுக் கட்டு, வெள்ளை வெளேரென்று. அதன்மேல் அதே பொலித்தீன் பை.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க அக்கா?"

"நல்லா ஏசுனாங்க. ஏன் இவ்வளவு நாள் கழிச்சு வந்தேன்னு. அப்புறம் அவங்களே நிறுத்திட்டாங்க." கட்டைக் குனிந்து பார்த்தார். "வாரா வாரம் வந்து கட்டு மாத்துனா வெரலு தப்பிச்சிக்குமாம். வருவேன்னு சொல்லியிருக்கேன்."

பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நாலடி வைத்தவர் நின்று திரும்பினார்.

"நீங்க எதுக்குங்க இந்நேரத்துக்கு நிக்கிறீங்க? உங்க புக்கு எங்க?"

"புக்கு ஒன்றும் இல்லை அக்கா. சும்மா ஆள் மட்டும்தான் வந்திருக்கேன்."

"அதானே பாத்தேன்" என்றார் செல்வமணி அக்கா. "முந்தி உங்க வீட்டுலருந்து புக்கு மட்டுந்தானே வரும்."

சிரித்துக்கொண்டே கையைக் காட்டி வெள்ளவத்தை பஸ்ஸை நிறுத்தி, நல்ல காலை முதலில் வைத்து ஏறினார்.